கெண்டைக்காலில் போட்ட மருந்து

ரெங்கசாமிக்குத் தலைமுடி எப்போது கொட்ட ஆரம்பித்தது என்று அவனுக்கே சரியாகத் தெரியாது. மலையில் தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறவன் தலையைத் திறந்து போட்டுக்கொண்டு திரிவதில்லை. விடிந்ததும் கம்பளிக் குல்லா ஏறினால், படுக்கும்போதும் அதோடுதான் படுக்கை. மழை வந்தால் குல்லாவுக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பை. இருபது வயதில் மாட்டிய குல்லாவுக்குள்ளே என்ன நடக்கிறது என்று யார் குனிந்து பார்த்தார்கள். முப்பத்து நாலாவது வயதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெந்நீரில் குளித்துவிட்டுத் துவட்டும்போது, உச்சியில் துண்டு எதையும் பிடிக்காமல் வழுக்கிப் போனது. கண்ணாடியை ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் தலையைக் குனிந்து கண்ணை மட்டும் மேலே தூக்கிப் பார்த்தான். நெற்றியின் இரண்டு ஓரமும் உள்வாங்கிப்போய், நடுவில் நாலு முடி திட்டாக நின்றது. பின்னால் கையை விட்டுப் பார்த்தால் அங்கேயும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல்தான் தட்டுப்பட்டது. குல்லாவை எடுத்து மாட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டான். அதோடு அந்த விஷயம் தீர்ந்தது என்றுதான் நினைத்தான்.

தீரவில்லை. அந்த ஆவணியில் அவன் அக்கா நீலாவதி அவனுக்குப் பெண் பேசினாள். எண்பத்தெட்டாம் வருஷம் அது. அம்மாவும் அப்பாவும் போன பிறகு தம்பிக்குச் சோறு போட்டது, துணி துவைத்தது எல்லாம் அவள்தான். தோட்டத்து வரிசை வீடுகளில் பக்கத்து லைன் அவளுக்கு. புருஷன் பழனியப்பன் தேயிலை பேக்டரியில் இலை காய வைக்கிற இடத்தில் வேலை. தம்பிக்கு ஒரு வழி பண்ணிவிட்டால் தனக்கு ஒரு அடுப்பு குறையும் என்று அவள் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழெட்டு இடம் பார்த்து, ஏதோ ஒன்று குறுக்கே வந்து, கடைசியில் ரிங்லெட்டுக்குக் கீழே பள்ளத்தாக்கில், லெம்பா பெர்த்தாமில் முட்டைக்கோசு போடுகிற ஆண்டியப்பன் என்பவரின் மகள் திலகம் என்று ஒரு பேச்சு வந்தது. பெண்ணுக்கு இருபத்தொன்பது வயது. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதியில் காலில் புண். ஆறு வருஷமாக ஆறவில்லை. அவரைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் பெண் கல்யாணம் ஆகாமல் நின்றுபோனாள் என்றார்கள்.

பெண்ணின் சித்தப்பா ஒருவர் மாப்பிள்ளையைப் பார்க்க லைனுக்கு வந்தார். வந்தது காலை ஏழு மணி. எதிரில் நிற்கிற ஆள் தெரியாத பனி. ரெங்கசாமி குல்லாவோடு நின்றான். வந்தவரும் குல்லாவோடுதான் நின்றார். கையைக் காலைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார், குடிப்பானா என்று அக்கம்பக்கத்தில் விசாரித்தார். போகும்போது பெண்ணுக்குக் காட்ட ஒரு போட்டோ கேட்டார். நீலாவதி பெட்டியைக் குடைந்து, தம்பி மோட்டார் லைசன்ஸுக்காக எடுத்த படத்தைக் கண்டுபிடித்தாள். அது பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தியது. நெற்றியில் சுருண்டு விழுகிற மாதிரி முடி. அதைப் பிரிஞ்சாங் டவுன் ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிசு பண்ணி அனுப்பி வைத்தாள். அந்தப் பக்கம் எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. தீபாவளி கழிந்து மூன்றாவது ஞாயிறு பரிசம், தையில் கல்யாணம் என்று முடிவானது.

பரிசத்தன்று மாப்பிள்ளையைக் குத்துவிளக்குக்கு முன்னால் உட்கார வைப்பார்கள். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வரிசையாக வந்து சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, தலையில் அரிசியும் பூவும் போடுவார்கள். சாமி விளக்குக்கு எதிரே குல்லாவோடு உட்கார முடியாது. கல்யாணத்தன்றைக்காவது தலைப்பாகை உண்டு. பரிசத்துக்கு வெறுந்தலைதான். இது நீலாவதிக்கு நாள் குறித்த பிறகுதான் உறைத்தது. தம்பியைக் கூப்பிட்டுக் குல்லாவைக் கழற்றச் சொன்னாள். அவன் கழற்றினான். ரொம்ப நேரம் பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே அவள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போய் டிரஸ்ஸர் ராதாகிருஷ்ணனைப் பிடித்தாள். காய்ச்சலுக்கு ஒரு வெள்ளை மாத்திரை, வயிற்றுவலிக்கு இன்னொரு வெள்ளை மாத்திரை என்று இருபது வருஷம் ஓட்டியவர் அவர். ஆனாலும் நாலு டாக்டரைத் தெரிந்தவர். ஈப்போவில் ஒரு டாக்டரிடம் முடி முளைக்கிறதுக்குப் புதுசாக ஒரு தண்ணீர் மருந்து வந்திருக்கிறது, வெளிநாட்டுச் சரக்கு, தலையில் தடவுவது என்றார். அக்காவும் தம்பியும் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறிப் போய் வந்தார்கள். டாக்டர் தலையைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எட்ட நின்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, இது அப்பன் வழியில் வருவது என்று சொல்லி, இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளையும் இரண்டு குப்பிகளையும் கொடுத்து அனுப்பினார். அவர் வாங்கிய காசை நினைத்து ரெங்கசாமிக்கு பஸ் தாப்பா மலை ஏறுகிற வரைக்கும் பேச்சு வரவில்லை.

தாளைப் படித்துச் சொன்னது டிரஸ்ஸர்தான். காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை. சின்னக் குழாயில் கோடு வரைக்கும் இழுத்துக் காய்ந்த தலையில் விட வேண்டும். நாலு மணி நேரம் தலை நனையக் கூடாது. பலன் தெரிய நாலு மாதம் ஆகலாம், சிலருக்குத் தெரியாமலே போகலாம். அரிக்கலாம், தோல் உரியலாம். இந்த மருந்து முதலில் ரத்தக் கொதிப்புக்குச் சாப்பிடுகிற மாத்திரையாக இருந்ததாம். சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்ததைப் பார்த்துத் தடவுகிற மருந்தாக மாற்றியிருக்கிறார்கள். அதனால் நெஞ்சு படபடத்தால் உடனே நிறுத்திவிட்டு வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. ஆரம்பித்த முதல் ஒன்றிரண்டு மாதம் இருக்கிற முடியும் கொட்டும். பயப்படக் கூடாது, பிறகு நின்றுவிடும்.

“முளைச்ச பிறகு நிறுத்திக்கலாமா அய்யா?” என்று ரெங்கசாமி கேட்டான்.

“நிறுத்தினா வந்தது போயிடும்லா.”

“அப்ப சாகிற வரைக்குமா?”

“தலை இருக்கிற வரைக்கும்னு வெச்சுக்க” என்றார் டிரஸ்ஸர். அவர் தலையில் முடி அடர்த்தியாக இருந்தது. எண்ணெய் போட்டுப் படிய வாரியிருந்தார்.

ரெங்கசாமி குப்பியைப் பிடித்த விதத்தைப் பார்த்தாலே அவன் என்ன வேலை செய்கிறவன் என்று தெரிந்திருக்கும். கையை நீட்டி, உடம்பிலிருந்து எட்டப் பிடித்துக்கொண்டு நடந்தான். பதினைந்து வருஷமாக அவன் தோட்டத்தில் மருந்து அடிக்கிற கூட்டத்தில் இருக்கிறான். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் அடித்துக்கொண்டே, தேயிலை வரிசைக்கு நடுவில் களை சாகிற மருந்தைத் தெளிப்பது வேலை. இந்த மலைச்சரிவை முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவதற்குள் முந்தினதில் களை திரும்ப எழும்பியிருக்கும். முடிந்தது என்று பம்பைக் கழற்றி வைத்த நாள் ஒன்றுகூடக் கிடையாது. தோலில் படுகிற தண்ணீர் என்ன செய்யும் என்று அவனுக்கு ஒரு டாக்டரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரு தடவை மருந்துக் கம்பெனிக்காரன் ஒருவன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, புது மருந்து சவுக்காரம் மாதிரிதான், ஒன்றும் செய்யாது என்று எல்லாருக்கும் முன்னால் அதில் கையைக் கழுவிக் காட்டினான். காட்டிவிட்டுக் காரேறிப் போய்விட்டான். அடுத்த மாதம், ரெங்கசாமியோடு மருந்து அடிக்கிற செல்லையாவுக்கு நாலு விரலில் நகம் வெளுத்து, வெங்காயத் தோல் மாதிரிக் கழன்று விழுந்தது. கம்பெனிக்காரன் வரவில்லை. வேறு ஒருவன் வேறு மருந்தோடு வந்தான்.

அன்றிலிருந்து கங்காணி சின்னக்கருப்பன் ஒரு முறை வைத்திருந்தார். புது மருந்து வந்தால் நேராக மலையில் கொண்டுபோய் அடிக்கக் கூடாது. ஓரமாக, ஒன்றுக்கும் உதவாத ஒரு வரிசையைப் பிடித்து, நாலு மூலையில் குச்சி நட்டு, சிவப்புத் துணி கட்டி, அதற்குள் மட்டும் அடிக்க வேண்டும். பிறகு காத்திருந்து பார்க்க வேண்டும். செடி கருகுகிறதா, இலை சுருளுகிறதா, அடித்தவன் கைக்கு என்ன ஆகிறது. எல்லாம் பார்த்துத் திருப்தியான பிறகுதான் மற்ற இடம். தோட்டத்துத் துரை அவசரப்படுத்தினாலும் கங்காணி அசைய மாட்டார். அந்த ஒரு விஷயத்தில் கூட்டத்தில் எல்லாருக்கும் அவர்மேல் மரியாதை உண்டு.

ரெங்கசாமியும் அதைத்தான் செய்தான். வேறு என்ன தெரியும் அவனுக்கு. தலை என்பது ஒன்றே ஒன்று. கருகிப்போனால் மாற்று நடவு கிடையாது. இடது கெண்டைக்காலில், காற்சட்டை மறைக்கிற இடத்தில், பால்பாயிண்ட் பேனாவால் ஒரு தீப்பெட்டி அளவுக்குக் கட்டம் போட்டான். காலையில் வேலைக்குப் போகும் முன்னால் குழாயில் கோடு வரைக்கும் இழுத்து அந்தக் கட்டத்துக்குள் விட்டு, காயும் வரை காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ராத்திரி திரும்ப ஒரு தடவை. கோடு அழிந்தால் அதன்மேலேயே திரும்பப் போட்டுக்கொண்டான். அக்கா வாசலில் நின்று மருந்து போட்டாயா என்று கேட்டால், போட்டேன் என்றான். அது பொய் இல்லை. எங்கே என்று அவளும் கேட்கவில்லை.

இரண்டு வாரம் கழிந்தது. தோல் கருகவில்லை. கொஞ்சம் அரித்தது, வெள்ளையாகத் தவிடு மாதிரி உதிர்ந்தது. அது மருந்தா குளிரா என்று தெரியவில்லை. இனித் தலைக்குப் போகலாமா என்று ஒருநாள் குழாயைத் தூக்கிப் பிடித்தான். அந்த நேரம் பார்த்து நெஞ்சு படபடவென்று அடித்தது. உடனே குழாயைக் கீழே வைத்துவிட்டான். மருந்தாலா பயத்தாலா என்று யாரைக் கேட்பது. டிரஸ்ஸரைக் கேட்டால் தலையில் போட்டாயா என்பார். இல்லை என்றால் சிரிப்பார். இன்னும் இரண்டு வாரம் பார்க்கலாம் என்று தள்ளினான். பிறகு இன்னும் இரண்டு வாரம். காலையில் நாலரைக்கு எழுந்து காலுக்கு மருந்து, ஐந்தரைக்குப் பிரட்டில் பேர் கொடுப்பது, பகல் முழுக்கப் பம்பு, திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்டுக் காலுக்கு மருந்து. சில நாள் மருந்து காய்வதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனான். ஒரு வேலையோடு இன்னொரு வேலையும் சேர்ந்துகொண்டது என்று தோன்றியது. இது தலைக்கு ஏறினால் ஆயுசுக்கும் இப்படித்தான் என்பதும் தோன்றியது. ஆனாலும் அந்த முட்டைக்கோசுக்காரர் மகள் அவனுக்கு வேண்டும் என்றிருந்தது. ரிங்லெட் கோயிலில் தூரத்தில் வைத்து ஒரு தடவை அவளைக் காட்டினார்கள். சாமி கும்பிட்டுவிட்டு நேராக நிமிர்ந்து, வெளியே குல்லாவோடு நின்ற அவனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு அவசரப்படாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியாது.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் குழாயடியில் காற்சட்டையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வெந்நீர் கொண்டுவந்த நீலாவதி செம்பைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். மற்ற இடமெல்லாம் நாலு பூனை முடி. கெண்டைக்காலில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் மட்டும் கறுப்பாக, வெட்டி ஒட்டின மாதிரி, நாற்று விட்ட பாத்தி மாதிரி நின்றது. அவனும் அதைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தினமும் பார்க்கிறவனுக்கு அது இவ்வளவு வளர்ந்தது தெரியவில்லை.

நீலாவதி உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டு, நடந்ததைக் கேட்டபின் அழுதாள். பழனியப்பன் புதுச் சட்டையை மாட்டிக்கொண்டே வந்து பார்த்தார்.

“ஏன் மாப்ள, காலுக்கா பொண்ணு பாத்திருக்கோம்?” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை என்றதும் அவரும் சட்டைப் பொத்தானைப் போட ஆரம்பித்தார்.

டிரஸ்ஸரிடம் போனார்கள். அவர் கட்டத்தைப் பார்த்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். மருந்து நல்ல மருந்துதான், வேலை செய்கிறது, போட்ட இடம்தான் தப்பு என்றார். இரண்டு மாதத்துக்கு மேல் போய்விட்டது. குப்பி ஒன்று காலி, மற்றதில் பாதி இருக்கிறது. அன்றைக்கே தலையில் ஆரம்பித்திருந்தால் கொட்டுகிறதெல்லாம் கொட்டி முடிந்து, இந்நேரம் பூனை முடியாவது கிளம்பியிருக்கும். இன்றைக்கு ஆரம்பித்தால் சரியாகப் பரிசத்தன்றைக்கு இருக்கிற நாலு முடியும் உதிரும் என்றார். விளக்குக்கு முன்னால் உட்காரும்போது தோளில் விழுந்தாலும் விழும் என்று கூடச் சேர்த்துக்கொண்டார்.

அன்று மாலை நீலாவதி ஒரு யோசனை சொன்னாள். பரிசத்தைத் தள்ளிப் போடலாம். சும்மா தள்ளினால் சந்தேகப்படுவார்கள். பங்காளி வீட்டில் ஒரு சாவு, தீட்டு என்று சொல்லி அனுப்பிவிட்டால் மறுபேச்சு இருக்காது. தையும் மாசியும் போகட்டும், அதற்குள் மருந்தைத் தலையில் போட்டு ஒரு வழி பண்ணிவிடலாம்.

ரெங்கசாமி தட்டில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தான். பன்னிரண்டு வருஷப் பழைய படம். அதைக் காப்பாற்ற இரண்டு குப்பி. குப்பியைக் காப்பாற்ற ஒரு சாவு. நாளைக்கு முடி முளைத்தால், முளைத்ததைக் காப்பாற்ற ஆயுசு முழுக்கக் காலையும் ராத்திரியும்.

“யாரைக்கா சாகடிக்கப் போற?” என்று மட்டும் கேட்டான்.

அவள் மீதியாக இருந்த குழம்பை அவன் தட்டில் ஊற்றினாள்.

அடுத்த ஞாயிறு ஒருவரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினான். கல்யாணம் பேசின மாப்பிள்ளை பரிசத்துக்கு முன்னால் தனியாகப் பெண் வீட்டுக்குப் போவது வழக்கமே இல்லை. அது அவனுக்கும் தெரியும். ரிங்லெட்டில் இறங்கிக் காய்கறி லோரி ஒன்றில் தொற்றிக்கொண்டு லெம்பா பெர்த்தாமில் இறங்கும்போது மூன்று மணி. தகர வீடு. சுற்றி முட்டைக்கோசு. வாசலில் ஆண்டியப்பன் நாற்காலியில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட வலது காலை ஒரு எண்ணெய் டின்மேல் தூக்கி வைத்திருந்தார். திலகம் கொஞ்சம் தள்ளிக் குந்தி உட்கார்ந்து வெங்காயத்தாளைக் கட்டுக்கட்டாக வைத்து ரப்பர் போட்டுக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகப் போனவள், வாசல் நிலையிலேயே நின்றாள்.

“யார் கூட வந்திருக்கீங்க தம்பி?” என்றார் ஆண்டியப்பன். குரலில் பயம் இருந்தது. தனியாக வருகிற மாப்பிள்ளை நல்ல சேதி கொண்டுவருவதில்லை.

“நான் மட்டுந்தான் மாமா. ஒண்ணு காட்டணும். காட்டிட்டுப் போயிடறேன்.”

குல்லாவைக் கழற்றினான். பள்ளத்தாக்கு மலையைவிடக் கொஞ்சம் சூடுதான். ஆனாலும் காற்று நேராக மண்டையில் பட்டது. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் முட்டைக்கோசைப் பார்த்தான்.

அந்தப் படம் யாருடையது என்று ஆண்டியப்பன் கேட்டார். தன்னுடையதுதான், லைசன்ஸுக்கு எடுத்தது, பழசு என்றான். எத்தனை வருஷம் பழசு என்றார். சொன்னான். அவருக்குக் கோபம் வந்தது. கம்பாரில் தங்கச்சி வீடு வரைக்கும் அந்தப் படத்தைக் காட்டியாகிவிட்டது, நாளைக்கு வேறு ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்ததாகப் பேசுவார்கள், இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ஒருத்தரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றார். முடி போனது தப்பில்லை, படம் அனுப்பினதுதான் தப்பு என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். அவன் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றான். அக்காவைக் காட்டிக் கொடுக்க மனசு வரவில்லை.

அவர் பேசி அடங்கின பிறகு அவனாகவே மருந்து விஷயத்தையும் சொன்னான். சொல்லாமல் விட்டால் அதுவும் ஒருநாள் வந்து நிற்கும். ஈப்போ டாக்டர், இரண்டு குப்பி, கெண்டைக்கால் எல்லாவற்றையும் சொன்னான். இனிமேல் தலைக்குப் போட்டால் மாசிக்கு மேல் ஏதாவது வரலாம், டிரஸ்ஸர் அப்படித்தான் சொல்கிறார், நீங்கள் சொன்னால் ஆரம்பிக்கிறேன் என்றான்.

திலகம் வாசல் நிலையை விட்டு ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

“தினம் எத்தனை தடவை?”

“ரெண்டு தடவை. காலையில, ராத்திரி.”

“எவ்வளவு நாளைக்கு?”

“விட்டா போயிடுமாம். விடக் கூடாதாம்.”

அவள் அப்பாவின் காலைப் பார்த்தாள். அங்கேயும் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆறு வருஷம். அதைப் பார்த்ததும்தான் ரெங்கசாமிக்குத் தான் என்ன கேட்டுக்கொண்டு வந்து நிற்கிறோம் என்று புரிந்தது.

“இன்னொரு மருந்து என்னால ஆகாது” என்றாள் திலகம். “நீங்களே போட்டுக்கிறதுன்னா போட்டுக்குங்க, நான் வேணாம்னு சொல்லல. எனக்காகன்னு சொல்லிப் போடாதீங்க. நேரமாச்சு எழுந்திருங்கன்னு உங்களையும் எழுப்ப என்னால முடியாது.”

“எனக்கும் முடியல” என்றான் அவன். “கால் ஒண்ணுக்கே முடியல.”

“அப்ப விட்டுடுங்க.”

அவ்வளவு சுலபமாக அதைச் சொல்லலாம் என்று அவனுக்கு அதுவரை தெரியாது. அக்கா சொல்லவில்லை, டாக்டர் சொல்லவில்லை. அவன் தனக்குத் தானேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. பம்பைக் கழற்றி வைத்த பிறகும் தோளில் வாரின் தடம் கனக்குமே, அப்படித் தலை கனத்தது.

ஆண்டியப்பன் இன்னும் கோபமாகத்தான் இருந்தார். மகள் முடிவு சொல்லிவிட்டாள் என்பதும் அவருக்குப் புரிந்துவிட்டது. கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தவர், அந்தக் காலைக் காட்டு என்றார். ரெங்கசாமி காற்சட்டையைத் தூக்கிக் கட்டத்தைக் காட்டினான். குனிந்து பார்த்தார். மகளையும் கூப்பிட்டுக் காட்டினார். இதைத் தலையில் போட்டிருந்தால் என்று ஏதோ சொல்ல வந்தவருக்குச் சிரிப்பு முந்திக்கொண்டது, இருமல் வந்தது, டின்மேலிருந்த கால் நழுவியது. திலகம் ஓடிவந்து காலைப் பிடித்தாள். சிரித்ததைக் காட்டாமல் இருக்க அவள் புண் பக்கமாகக் குனிந்துகொண்டாள்.

புண் கசிந்து கட்டு நனைந்திருந்தது. மாற்றுகிற நேரமும் ஆகியிருந்தது. அவள் உள்ளே போய்ச் சட்டியில் உப்புத் தண்ணீரும் துணியும் எடுத்து வந்தாள். தனியாக இருக்கும்போது காலை முழங்காலில் தாங்கிக்கொண்டே கட்டை அவிழ்ப்பது வழக்கம் போலிருக்கிறது. இன்றைக்கு அவனைப் பார்த்தாள்.

“குதிகாலைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. ரொம்ப வேணாம்.”

அவன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மண்ணில் முட்டி போட்டு உட்கார்ந்து குதிகாலைத் தூக்கிப் பிடித்தான். கால் நினைத்ததைவிடக் கனம். அவள் பழைய துணியைத் தண்ணீர் விட்டு விட்டு ஊற வைத்துப் பிரித்தாள். வாடை வந்தது. அவன் முகத்தைத் திருப்பவில்லை. களைமருந்து வாடையில் பதினைந்து வருஷம் இருந்தவன். ஆண்டியப்பன் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு வலியைப் பொறுத்தார். கண்ணுக்கு நேரே கீழே அவன் உச்சந்தலை.

“பரிசத்துக்கு அத்தனை பேரும் இதைத்தான் பாப்பாங்க தம்பி” என்றார். “கம்பாரிலேர்ந்து என் தங்கச்சி வருவா. அவ வாய் சும்மா இருக்காது.”

“பாக்கட்டும் மாமா.”

“ரெண்டாவது பஸ் போயிடுமே” என்றாள் திலகம், கட்டைச் சுற்றிக்கொண்டே.

“ஆறரைக்கு ஒண்ணு இருக்கு.”

“அப்ப இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடிங்க. அடியில சுத்தணும்.”

அவன் உயர்த்திப் பிடித்தான்.